யாங்கூனில் கலியாண விருந்து: முன்பணம் கொடுக்குமுன்

பந்தியில் சோறு குறைந்தால் குடும்பத்தின் பெயர் கெடும். மிஞ்சினால் கடன் மிஞ்சும். யாங்கூனில் சமையற்காரரை அமர்த்தும் நம் உறவினருக்கும், அதற்குப் பணம் அனுப்பும் நமக்கும் இன்று விலைவாசிக் கவலையும் சேர்ந்துள்ளது.

2021 ஜனவரியில் ஒரு டாலர் ஏறத்தாழ 1,330 கியாட்டாக இருந்தது. அவ்வாண்டு பிப்ரவரி இராணுவப் புரட்சிக்குப் பின் நாணயம் சரிந்து, 2024இல் வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டியது. சமையல் எண்ணெய் பெரிதும் இறக்குமதியாவதால், நிச்சயதார்த்தத்தில் பேசிய விலை முகூர்த்தம்வரை நிற்பதில்லை. ஆகவே ‘இலைக்கு இவ்வளவு’ என்று பேசாது, அரிசி, பருப்பு, எண்ணெயை முன்னரே தாமே வாங்கிக் கொடுத்து, சமையற்கூலியை மட்டும் எழுத்தில் பேசி முடிப்பது நலம். மின்தடை நேர்ந்தால் விளக்குக்கும் தண்ணீருக்கும் யார் பொறுப்பு என்பதையும் அதில் சேர்த்தல் வேண்டும்.

பர்மியப் பௌத்தர்கள் மூன்று மாத நோன்புக் காலத்தில் திருமணம் நடத்துவதில்லை. அக்டோபர் வாக்கில் நோன்பு முடிந்ததும் மண்டபத்துக்கும் சமையற்காரருக்கும் போட்டி மிகும். ஆவணியில் நாள் குறிப்போர் நிதானமாகப் பேரம் பேசலாம்.

இறுதியாக ஒன்று: அவர் சமைக்கும் வேறொரு கலியாணத்தில் கடைசிப் பந்தியில் அமர்ந்து உண்டு பாருங்கள். முதற்பந்தியை எவரும் நன்றாகவே பரிமாறுவர்.