தானியங்கிக் கியரிலிருந்து கைக் கியருக்கு

மோட்டார் வண்டியின் வளர்ச்சி என்றால், மனிதன் கையாலும் காலாலும் செய்துவந்த வேலையை யந்திரம் ஏற்றுக்கொள்வது என்றே நாம் பொதுவாகக் கருதுகிறோம். இதற்கு நேர்மாறான வேலை ஒன்று அமெரிக்க நாட்டுப் பட்டறைகளில் நடைபெறுவதுண்டு. தானாகவே கியர் மாறும் பழைய சிறு லாரியை, ஓட்டுநர் கிளட்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் வண்டியாகத் திருப்பி அமைக்கிறார்கள். நம் நாட்டு லாரி ஓட்டுநர்களுள் பெரும்பாலோர் கிளட்ச்சோடும் கியர்த் தண்டோடுமே தொழில் கற்றவர்கள். ஆதலால் அவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். எனினும், ஜாம்ஷெட்பூரிலும் புணேயிலும் மும்பையிலும் மோட்டார்த் தொழிலில் ஈடுபட்டுள்ள நம்மவர் அறிந்துகொள்ளத்தக்க யந்திர நியாயம் இதில் அடங்கியிருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனது 'ஹைட்ராமாட்டிக்' என்னும் தானியங்கிக் கியரை 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் முதன்முதலாக வழங்கியது. 1954இல் அது ஷெவ்ரலே சிறு லாரிகளுக்கும் வந்தது. 1969இல் வெளிவந்த 'டர்போ ஹைட்ராமாட்டிக் 350' என்ற மூன்று கியர்ப் பெட்டி, 1970களின் ஷெவ்ரலே சி-10 சிறு லாரிகள் பலவற்றில் இடம்பெற்றது. அத்தகைய லாரி ஒன்றையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் தானியங்கிப் பெட்டி தேய்ந்துபோகும்போது, பழுது பார்ப்பதைவிடக் கைக் கியரைப் பொருத்துவதே மேல் என்று சிலர் முடிவு செய்கிறார்கள். பாரம் ஏற்றிய வண்டியைத் தம் விருப்பப்படி அடக்கி ஓட்டலாம் என்பதும், பழுதுபார்ப்பது எளிது என்பதும் அவர்கள் கூறும் காரணங்கள்.

முதலில் எதைக் கழற்றுகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தானியங்கிப் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே கிளட்ச் தட்டு இல்லை. எண்ணெய் நிரம்பிய 'டார்க் கன்வர்ட்டர்' இருக்கிறது. அதனுள் இறகுகள் கொண்ட இரு சக்கரங்கள் எதிரெதிராக உள்ளன. எஞ்சினோடு சேர்ந்த சக்கரம் எண்ணெயை வீசியெறிய, அவ்வேகத்தால் மற்றச் சக்கரம் சுழலுகிறது. இடையிலுள்ள மூன்றாவது சிறு சக்கரம், திரும்பிவரும் எண்ணெயைத் தக்க திசையில் செலுத்துகிறது. இதனால் வண்டி புறப்படும் வேளையில் எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகிறது.

இந்த இரு மடங்கில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. மேற்கூறிய தானியங்கிப் பெட்டியில் முதற் கியரின் விகிதம் 2.52. அத்துடன் எண்ணெயின் இரு மடங்கும் சேர்ந்தால், புறப்படும்போது கிடைப்பது ஏறக்குறைய ஐந்து மடங்கு. கன்வர்ட்டரை அகற்றிவிட்டு, முதற் கியர் விகிதம் மூன்றளவே உள்ள இலேசான கைக் கியர்ப் பெட்டியைப் பொருத்தினால் என்ன ஆகும்? பாரத்தோடு மேட்டில் புறப்பட, ஓட்டுநர் கிளட்சை நெடுநேரம் வழுக்கவிட நேரும். தட்டு விரைவில் கருகும். 1968 முதல் 1991 வரை ஜெனரல் மோட்டார்ஸ் லாரிகளில் வந்த 'எஸ்.எம். 465' என்னும் நான்கு கியர்ப் பெட்டியில் முதற் கியரின் விகிதம் 6.55. எண்ணெய் செய்த வேலையை இங்கே பல்சக்கரங்களே செய்துவிடுகின்றன. பாரம் இல்லாதபோது, 3.58 விகிதமுள்ள இரண்டாவது கியரிலேயே வண்டியைக் கிளப்பிவிடலாம்.

அடுத்து, எஞ்சினின் பின்புறத்தைக் கவனிப்போம். தானியங்கி வண்டியில் கிராங்க் ஷாப்டின் முனையில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றே இருக்கும். அதன் இடத்தில் கனமான ப்ளைவீலையும், அதன்மேல் கிளட்ச் தட்டையும் அமைக்க வேண்டும். கியர்ப் பெட்டியின் முன்தண்டைத் தாங்குவதற்குக் கிராங்க் ஷாப்டின் நடுத்துளையில் ஒரு சிறு புஷ் தேவை. எந்தப் ப்ளைவீலும் எந்த எஞ்சினுக்கும் பொருந்திவிடாது. ஷெவ்ரலேயின் 5.7 லிட்டர் எஞ்சினில் 1986ஆம் ஆண்டையொட்டிப் பின்புற எண்ணெய்ச் சீல் மாற்றப்பட்டபோது, போல்ட்டுகளின் அமைப்பும் ப்ளைவீலின் எடைச் சமநிலையும் மாறின. அதன் விளிம்பிலுள்ள பற்களும் 153, 168 என இருவகை. ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதற்கேற்ப அமைய வேண்டும். சமநிலை தவறிய ப்ளைவீல் எஞ்சினையே நடுநடுங்கச் செய்து பேரிங்குகளைக் கெடுத்துவிடும்.

ஆகவே, உதிரிப் பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட, அதே காலத்துக் கைக் கியர் லாரி ஒன்றின் பாகங்களை முழுத் தொகுதியாகப் பெறுவதே அறிவுடைமை. கிளட்ச் மிதியும் அதன் தாங்கியும், இணைப்புத் தண்டுகளும், கியர்ப் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் அதில் கிடைத்துவிடும். பெட்டியின் நீளம் மாறுவதால் புரொப்பெல்லர் ஷாப்டைப் புதிதாக அளந்து அமைக்க வேண்டும். எஞ்சினிலிருந்து பழைய பெட்டிக்குச் சென்ற வெற்றிடக் குழாயின் வாயை மூடாவிட்டால், அவ்வழியே காற்றுப் புகுந்து எஞ்சின் சீராக ஓடாது. ரேடியேட்டருக்குச் சென்ற எண்ணெய்க் குழாய்களையும் அகற்றி, அவற்றின் வாய்களை அடைக்க வேண்டும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். உயிரோடு தொடர்புடைய இரண்டு வேலைகள் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. தானியங்கி வண்டி, நிறுத்த நிலையிலோ நடுநிலையிலோ இருந்தாலன்றி ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு சுவிட்சு தடுத்து வந்தது. பெட்டியைக் கழற்றியபின் அதன் கம்பிகளை வெறுமனே முறுக்கி இணைத்துவிட்டால், கியரில் நிற்கும் வண்டி சாவியைத் திருப்பியதும் முன்னே பாயும். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி வேறு சுவிட்சு வைப்பது இன்றியமையாதது.

இரண்டாவது, தானியங்கிப் பெட்டியினுள் நிறுத்த நிலைக்கென்று ஒரு கொக்கி உண்டு. பல ஆண்டுகள் அதையே நம்பி வண்டியை நிறுத்தியவர்கள் ஹாண்ட் பிரேக்கைப் பயன்படுத்தாமலே இருந்திருக்கக்கூடும். அதன் கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கலாம். புதிய பெட்டியில் அந்தக் கொக்கி கிடையாது. சரிவில் நிற்கும் பாரவண்டியை இனி ஹாண்ட் பிரேக்கே காக்க வேண்டும். எனவே, மாற்றிய வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருமுன் அதைச் செப்பனிட்டு, சரிவில் நிறுத்திச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு உழைப்பும் பயன் தருமா என்று கேட்கலாம். பெட்ரோல் பெருமளவு மிச்சமாகும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாற்றமே அடைவார். எண்ணெய் வழுக்கலால் வீணாகும் சக்தி ஓரளவு மீளும். ஆனால் இவ்விரு பெட்டிகளிலும் கடைசிக் கியரின் விகிதம் ஒன்றுக்கு ஒன்றேயாதலால், நெடுஞ்சாலையில் எஞ்சினின் வேகம் குறையாது. பாரம் இழுப்பதும், இறக்கத்தில் தாழ்ந்த கியரால் வேகத்தை அடக்குவதும் எவருக்கு அன்றாடத் தேவையோ, அவருக்கே இம்மாற்றம் தகும்.

யந்திரத்தில் ஒரு பாகம் ஒரு வேலை மட்டும் செய்வதில்லை. தானியங்கிப் பெட்டி கியரை மாற்றியதோடன்றி, முறுக்குவிசையைப் பெருக்கியது. தவறான வேளையில் வண்டி கிளம்பாமல் தடுத்தது. நின்ற வண்டியை உருளாமல் காத்தது. கழற்றப்படும் பாகம் செய்துவந்த வேலைகளை எல்லாம் முதலில் எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு செய்தவரே அதன்மேல் ஸ்பானரை வைக்கத் தகுதியுடையவர். இவ்விதி எந்த நாட்டுப் பட்டறைக்கும் பொருந்தும்.