பள்ளி திறக்கும் முன் தூக்கம் திரும்பட்டும்

2023-ஆம் ஆண்டு புதுச்சேரியில் பள்ளி திறப்பு இரண்டு முறை தள்ளிப்போனது. ஜூன் 1 என்றிருந்தது 7 ஆகி, பிறகு 14 ஆனது. அடுத்த ஆண்டும் 6-ஆம் தேதி திறக்க வேண்டிய பள்ளிகள் 12-ஆம் தேதிதான் திறந்தன. இரண்டுக்கும் காரணம் வெயில். கத்திரி முடிந்தும் கடலோர ஊரின் புழுக்கம் அடங்காதபோது பிள்ளைகளின் உடம்பு தாங்காது என்று அரசு எண்ணியது, சரியான எண்ணம்தான். ஆனால் கதவு திறந்த மறுநாளே அது எல்லோருக்கும் மறந்துபோகிறது. முதல் வாரத்திலேயே பாடம் ஓடத் தொடங்குகிறது, டியூஷன் தொடங்குகிறது, வகுப்பில் கண் செருகும் பிள்ளைக்குச் சோம்பேறி என்று பெயர் விழுகிறது. கல்வியாண்டின் தொடக்கத்தில் பிள்ளைகளின் நலம் எல்லாவற்றுக்கும் முன்பாகத் தூக்கத்தைச் சார்ந்திருக்கிறது. அதை மீட்டுக் கொடுக்கும் பொறுப்பு வீட்டுக்கும் பள்ளிக்கும் உரியது. பிள்ளையின் மனவுறுதியை நம்பி விட்டுவிடக் கூடியதல்ல அது.

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். கோடை லீவில் பிள்ளைகள் இந்த அளவு தூங்கிவிடக்கூடும்; நேரம்தான் நகர்ந்துவிடுகிறது. நள்ளிரவு தாண்டிப் படுத்து ஒன்பது மணிக்கு எழுந்த உடம்பை ஒரே திங்கட்கிழமையில் ஆறு மணிக்கு எழுப்பினால், அந்த உடம்புக்கு அது நடு இரவு. வளரிளம் பருவத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் அந்த வயதில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. பதினைந்து வயதுப் பையன் பத்து மணிக்குப் படுத்தும் புரண்டுகொண்டே இருப்பதற்கு செல்போன் ஒரு காரணம். வயது இன்னொரு காரணம். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தைக் காலை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றியது. அதற்குப் பிறகு மாணவர்களின் தூக்கம் சராசரியாக 34 நிமிடம் கூடியதாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. பள்ளி தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்ற பயம் பெரும்பாலும் பொய்த்தது.

நம் ஊரில் பள்ளிகள் ஒன்பது மணியை ஒட்டித்தானே தொடங்குகின்றன, இந்தக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மணி அடிக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் அது சரி. பாகூரிலிருந்தோ திருக்கனூரிலிருந்தோ நகரத்துப் பள்ளிக்கு வரும் பிள்ளை பஸ் பிடிக்க எத்தனை மணிக்கு எழ வேண்டும்? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் அதற்கும் முன்னால் தனி வகுப்பு, மாலையில் டியூஷன், அதன் பிறகு வீட்டுப்பாடம். இரு முனையிலும் நாள் நீள, நடுவில் சுருங்குவது இரவு. இதோடு ஜூன் மாதத்து இரவுகளையும் சேர்த்துப் பாருங்கள். உடலின் வெப்பம் சற்று இறங்கினால்தான் ஆழ்ந்த தூக்கம் வரும். வியர்வை காயாத புழுக்கத்தில், ஃபேனும் அனல் காற்றையே சுற்றிவிடும் அறையில், எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தாலும் அது எட்டு மணி நேரத் தூக்கம் ஆகாது.

ஆகவே தயாரிப்பு பள்ளி திறக்கும் முந்தின நாள் தொடங்கினால் போதாது. பத்துப் பதினைந்து நாள் முன்பே தொடங்க வேண்டும். எழும் நேரத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் மணி, அரை மணி என்று முன்னே கொண்டுவரலாம். சீக்கிரம் படு என்று விரட்டுவதைவிட இதுவே பயன் தரும். விடியல் வெளிச்சம் கண்ணில் பட்டால் உடலின் கடிகாரம் தானே முன்னே நகரும். அதற்குப் புதுச்சேரியைப் போல வசதியான ஊர் குறைவு. கிழக்கு நோக்கிய கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகள் ஓடுவதில்லை. அந்த இடத்துக்குப் பிள்ளைகளை லீவு முழுக்க இரவில்தான் கூட்டிப்போகிறோம். கடைசி இரண்டு வாரம் காலையில் கூட்டிப்போகலாம். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அதற்கு ஏது நேரம் என்பது நியாயமான கேள்வி. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் ஷிஃப்டு முடித்து இரவில் வீடு திரும்புகிறவரிடம் காலை நடை பற்றிப் பேசுவது எளிதல்ல. அந்த வீட்டில் மொட்டை மாடியோ வாசல் திண்ணையோ போதும், தேவை வெளிச்சம்தான். ஓய்வுக்காகத் தந்த லீவையும் பள்ளிக்கே ஒப்புக்கொடுப்பதா என்பார்கள் சிலர். விளையாட்டையும் ஊர் சுற்றலையும் குறைக்க வேண்டியதில்லை. அவற்றைப் பகலின் முற்பாதிக்கு நகர்த்தினால் போதும்.

வீடு இவ்வளவு செய்த பிறகும் பள்ளி முதல் நாளே விரட்டினால் பலன் பாதிதான். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில்தான் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறியிருக்கின்றன, அதன்படி பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் முதன்முறையாக 2025-இல் நடந்தன. பாடம் முடியாமல் போய்விடுமோ என்று ஆசிரியர்கள் பதறுவது புரிகிறது. ஆனால் வெக்கையில் வேகமாக நடத்திய பாடம் எவ்வளவு தங்கும்? அமெரிக்காவில் சுமார் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, குளிர்சாதன வசதி இல்லாத பள்ளிகளில் ஆண்டின் சராசரி வெப்பம் ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி கூடினால் அந்த ஆண்டின் கற்றல் சுமார் ஒரு சதவீதம் குறைவதாகக் கண்டது. முதல் இரண்டு வாரம் தேர்வு வைக்காமல், தனி வகுப்பு நடத்தாமல், கடினமான பாடங்களை முற்பகலில் வைத்துக்கொண்டால் இழப்பு பெரிதாக இருக்காது. கேரளம் 2019-இல் கொண்டுவந்ததைப் போலத் தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிப்பது செலவே இல்லாத வேலை.

பள்ளி நாட்காட்டி மாற்றவே முடியாதது என்பவர்களுக்கு இதே ஊரில் பதில் இருக்கிறது. ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை 1943-இல் தொடங்கிய பள்ளி, இன்றைய ஸ்ரீஅரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையம், ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 16-ஆம் தேதி புதிய ஆண்டைத் தொடங்குகிறது. மழை ஓயும் குளிர்ந்த பருவம் அது. பட்டமோ சான்றிதழோ தராத அந்தச் சிறிய நிறுவனத்தின் வழி எல்லாப் பள்ளிக்கும் பொருந்தாது. பொதுத்தேர்வோடு கட்டுண்ட அரசுப் பள்ளி டிசம்பருக்கு நகர முடியாது. ஆனால் ஜூன் மாதத்தை ஒட்டியே எல்லாம் நடந்தாக வேண்டும் என்ற இயற்கை விதி எதுவும் இல்லை என்பதை அது காட்டுகிறது.

இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் சீராகிவிடுவார்கள். அதற்குப் பிறகும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், தினமும் காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளையை நடிக்கிறது என்று ஒதுக்கக் கூடாது. மருத்துவரிடம் காட்டுவது நல்லது. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண் இருக்கிறது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. ஆண்டின் முதல் பெற்றோர் கூட்டத்தில், எப்போது பாடம் முடியும் என்று கேட்பதற்கு முன்னால், அந்த ஆலோசகர் யார், எந்த நாளில் பார்க்கலாம் என்று பெற்றோர் எழுந்து கேட்கலாம்.