57 ஹெர்ட்ஸில் உறுமும் அறை

திருவண்ணாமலையில் மாட வீதியை ஒட்டிய தெருக்களிலும் சரி, கிரிவலப் பாதைப் பக்கம் புதிதாக முளைத்த நகர்களிலும் சரி, பத்துக்குப் பன்னிரண்டு ஹால் சாதாரணம். தரையிலிருந்து பத்தடி உயரத்தில் கான்கிரீட் தளம், சிமெண்ட் பூச்சுச் சுவர், காலடியில் வழவழ டைல்ஸ். கூட்டிப் பெருக்க வசதி. பாட்டுக் கேட்கப் பொல்லாத இடம். இங்கே பழைய செட்டை எடுத்துவிட்டு இரண்டு மடங்கு விலையில் புதிது வைத்தாலும் பழைய இரைச்சல் போகாது. முதலில் மாற வேண்டியது அறைதான்.

30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். பத்தடி என்பது 3.05 மீட்டர். அந்த இடைவெளியில் அரை அலை கச்சிதமாக அடங்குவது 57 ஹெர்ட்ஸில். அந்த அதிர்வு சுவருக்கும் சுவருக்கும் மோதி மோதிப் பெருகும். உயரமும் அதே பத்தடி என்பதால் தரைக்கும் தளத்துக்கும் நடுவிலும் அதே 57. இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. பேஸ் கிடாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ்! பேஸ் துள்ளி ஓடும் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: அந்தச் சுரம் வரும்போது ஜன்னல் கதவு அதிரும், அடுத்த சுரம் மெலிந்துபோகும்.

இதைத் துணி போட்டு அடக்க முடியாது. ஒலியை உறிஞ்சும் பொருள் அலைநீளத்தில் கால் பங்கு தடிமன் இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். 57 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றரை மீட்டர். ஆனால் இடத்தை மாற்றலாம், அதற்குக் காசில்லை. மூலையில் வைத்த ஸ்பீக்கர் அறையின் எல்லா அதிர்வுகளையும் ஒருசேரக் கிளப்பும். பீரோ மேலிருந்து இறக்கி, சுவரைவிட்டு இரண்டடி முன்னே, உச்ச ஒலி தரும் ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். நீங்களும் சுவரில் சாய்ந்து உட்காராதீர்கள். பேஸின் அழுத்தம் அங்கேதான் உச்சம்.

துணிக்கு வேலை, நடு ஒலியிலும் உச்ச ஒலியிலும். 1895இல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியக அரங்கில் பேராசிரியர் பேசிய சொல் ஐந்து நொடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து போட்டு, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அவர் கண்ட சூத்திரப்படி, காலியான நம் ஹாலில் ஒலி அடங்க ஏறக்குறைய மூன்று நொடி. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கச் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். கோயில் பிரகாரத்தில் தவில் தெளிவாகக் கேட்பதற்கு மேலே திறந்த வானம் ஒரு காரணம். ஹாலில் அந்த வானம் இல்லை. மடிப்பு மடிப்பாகக் கனத்த திரை, இலவம்பஞ்சு மெத்தை, இரண்டு ஆட்கள் போதும், நேரம் அரை நொடிக்குச் சற்று மேலாக இறங்கிவிடும். முட்டை அட்டையும் தெர்மாகோலும் ஒட்டுவது வீண்.

மின்விசிறியின் இரைச்சலும் தெருச் சத்தமும் பாட்டின் மெல்லிய பகுதிகளைத் தின்னும். கிரிவலக் கூட்டம் அலைமோதும் பௌர்ணமியைவிடச் சாதாரண நாளின் பின்னிரவில் அதே செட் இனிமையாகக் கேட்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். கருவிகளுக்குள் ஒலி அதிகம் வேறுபடுவது அதில்தான். ஆம்ப்ளிஃபையரை 50 வாட்டிலிருந்து 100க்கு ஏற்றினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரு மடங்காகத் தோன்றச் சுமார் 10 வேண்டும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பிஎம்பிஓ (கண நேர உச்ச சக்தி) எண்ணை நம்பவே வேண்டாம், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி) பாருங்கள். வயருக்கு மின்சாமான் கடையின் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். ஐந்து மீட்டர் இழுத்தாலும் போகவரச் சேர்த்து அதன் தடை 0.07 ஓம், ஸ்பீக்கரின் 8 ஓமுக்கு முன்னால் அது ஒரு சதவீதம்கூட இல்லை.