யூனிக்ஸ் கணிப்பொறியில் நிலைவழி எச்சரிக்கைகள்

கணிப்பொறி வலையமைப்பில் செய்திகள் சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படுகின்றன. பொதி சேரவேண்டிய முகவரி, அனுப்பும் பொறியின் சொந்த வலையைச் சேர்ந்ததாயின், பொதி நேரே ஒப்படைக்கப்படும். வேறு வலையைச் சேர்ந்ததாயின், ரூட்டர் என்னும் கருவியின் வழியாகவே அது செல்லவேண்டும். எப்பொதியை எந்த ரூட்டரிடம் கொடுப்பது என்பதைக் கூறுவது வழி அட்டவணையாகும். அதில் ஊழியர் தம் கையால் எழுதிவைக்கும் வழிக்கு நிலைவழி என்று பெயர். அதனை எழுத உதவும் 'ரௌட்' கட்டளை, 1983இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸின் 4.2ஆம் பதிப்பில் தோன்றியது. நிலைவழி தானாக மாறுவதில்லை. அதன் நன்மையும் அதுவே, குறையும் அதுவே.

எச்சரிக்கையின் பொருள்

பொறியை இயக்கும்போது திரையில் 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்' என்ற வரி சில வேளைகளில் தோன்றும். தொலைவிலுள்ள வலை பழுதுபட்டது என்று பலர் இதற்குப் பொருள் கொள்வர். நிலைவழியை எழுதும்போது இவ்வரி தோன்றினால் பொருள் வேறு. குறிப்பிட்ட ரூட்டர் தன் சொந்த வலைக்குள் இல்லை என்றே பொறி அறிவிக்கிறது. வழி கேட்கப்படுபவர் அண்டை வீட்டாராக இருத்தல் வேண்டும்; அவரை அடையவே வேறொரு வழி வேண்டுமாயின் அவரால் பயனில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு களநிலையப் பொறியின் முகவரி 192.168.10.70 என்றும், ரூட்டரின் முகவரி 192.168.10.1 என்றும் கொள்வோம். நெட்மாஸ்க் என்னும் வரம்பெண் 255.255.255.0 ஆக இருந்தவரை இரண்டும் ஒரே வலையில் இருந்தன. பின்னர் அவ்வலை நான்காகப் பிரிக்கப்பட்டு, வரம்பெண் 255.255.255.192 ஆயிற்று. 256இலிருந்து 192ஐக் கழித்தால் 64 வரும். எனவே ஒவ்வொரு பகுதிக்கும் 64 எண்கள்: 0 முதல் 63 வரை, 64 முதல் 127 வரை, 128 முதல் 191 வரை, 192 முதல் 255 வரை. பொறியின் 70 இரண்டாம் பகுதியிலும், ரூட்டரின் 1 முதற்பகுதியிலும் விழுகின்றன. ஆகவே எச்சரிக்கை தோன்றுகிறது. இரண்டாம் பகுதிக்கென அமைந்த ரூட்டரின் முகவரியை, 192.168.10.65 என்பது போன்றதை, எழுதினால் குறை நீங்கும்.

இதில் ஓர் இடர் உண்டு. வழி தவறாயிருப்பினும் அருகிலுள்ள அச்சுப்பொறி இயங்கும். அடுத்த மேசைப் பொறியும் மறுமொழி தரும். எல்லாம் நலமே என்று ஊழியர் எண்ணியிருக்க, தலைமை நிலையத்திற்கு நாள்தோறும் செல்லவேண்டிய மழை அளவுக் குறிப்புகள் போய்ச்சேராமல் நின்றுவிடும்.

தவறான பரிகாரம்

சிலர் இப்பொறியின் வரம்பெண்ணை மட்டும் பழையபடி 255.255.255.0 என மாற்றிவிடுவர். எச்சரிக்கை உடனே மறையும், குறை மறையாது. ரூட்டர் அண்டையில் உள்ளதாகப் பொறி நம்பி, தன் கம்பியிலேயே அதனை அழைத்துக்கொண்டிருக்கும். அது வேறு கம்பியில் இருப்பதால் மறுமொழி வாராது. எச்சரிக்கை அடங்குவது வேறு. பழுது தீர்வது வேறு.

மற்றொரு எச்சரிக்கை

லினக்ஸ் முதலிய சில வகைகளில் 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்' என்ற வரி தோன்றுவதுண்டு. இங்கு எந்தக் கோப்பும் குறிக்கப்படவில்லை. முன்பே இருப்பதை மீண்டும் படைக்க முயன்றால் எழும் பொதுவான பிழைக்கு யூனிக்ஸ் வைத்துள்ள பெயர் அது. அவ்வழி முன்னரே அட்டவணையில் உள்ளது என்பதே கருத்து. உள்ள வழி சரியாயின் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. தவறாயின் அதனை நீக்கிய பின்னரே புதியதை எழுதவேண்டும்.

சோதிக்கும் முறை

முதலில் 'ஐஎஃப்கான்ஃபிக்' கட்டளையால் பொறியின் முகவரியையும் வரம்பெண்ணையும் காண்க. இரண்டாவதாக, மேற்கூறிய கணக்கினால் ரூட்டர் அதே பகுதியில் உள்ளதா என்று அறிக. மூன்றாவதாக, 'நெட்ஸ்டாட்' கட்டளையால் வழி அட்டவணையைப் பார்க்க. நான்காவதாக, 'பிங்' கட்டளையால் முதலில் ரூட்டரையும், பின்னர் தொலைவிலுள்ள பொறியையும் அழைத்துப் பார்க்க.

கணக்குச் சரியாயிருந்தும், இயக்கத் தொடக்கத்தில் மட்டும் எச்சரிக்கை எழுமாயின், வரிசையை ஆராய்க. வலை இணைப்புக்கு முகவரி கிடைக்கும் முன்னரே வழி எழுதப்பட்டாலும் இதே வரி தோன்றும்.

கட்டளையால் மட்டும் எழுதிய வழி பெரும்பாலும் நினைவகத்திலேயே நிற்கும். பொறியை நிறுத்தினால் அழியும். ஆதலின் அதற்குரிய தொடக்கக் கோப்பிலும் பதிதல் வேண்டும். சோலாரிஸின் பழைய பதிப்புகளில் 'டிஃபால்ட்ரூட்டர்' என்பது அத்தகைய கோப்பாகும். பதிந்தபின் பொறியை ஒருமுறை நிறுத்தி இயக்கிப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளவேண்டும்.

ஆசிரியர்கள் கரும்பலகையில் நான்கு கட்டங்கள் வரைந்து, 70, 1, 65 ஆகிய எண்களை மாணவர்களைக்கொண்டே உரிய கட்டங்களில் இடச்செய்யலாம். ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் அறிந்த மாணவன் இவ்வெச்சரிக்கையின் காரணத்தைத் தானே கண்டுகொள்வான்.