புதைவடப் பழுதுகாண் கருவி

புதைவடப் பழுதுகாண் கருவி என்பது மண்ணுக்கடியில் செல்லும் மின்வடத்தில், அதாவது கேபிளில், எந்த இடத்தில் பழுது என்பதைத் தோண்டிப் பார்க்காமலேயே கண்டறிய உதவும் கருவியாகும். எடுத்துச் செல்லக்கூடிய வகைகளும், வேனில் பொருத்தப்படும் வகைகளும் உண்டு.

திட்டக்குடி, விருத்தாசலம் போன்ற ஊர்களில் பெரும்பாலும் கம்பத்தில் செல்லும் கம்பிகளே மின்சாரம் தருகின்றன. அறுந்த கம்பியும் உடைந்த பீங்கான் இன்சுலேட்டரும் கண்ணுக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் கடலூர் மாவட்டத்தின் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. பின்னர் உலக வங்கி உதவியுடனான கடலோரப் பேரிடர்த் தணிப்புத் திட்டத்தில் கடலூர் நகரில் புதைவடங்கள் பதிக்கப்பட்டன. புதைவடத்தைக் காற்று சாய்க்காது. ஆனால் பழுதானால், லைன்மேன் நடந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் மெக்கர் கொண்டு எந்த இழையில் என்ன வகைப் பழுது என்று பார்ப்பர். அடுத்தது தொலைவு. பாலிடெக்னிக் மாணவர்கள் படிக்கும் முர்ரே வளையச் சோதனை இதற்கான பழைய முறை. அதற்குப் பழுதில்லாத இழை ஒன்றாவது வேண்டும். இன்று துடிப்பு எதிரொளிப்பு முறையே பெருவழக்கு. பெட்டி அளவுள்ள கருவி வடத்துக்குள் ஒரு குறுந்துடிப்பை அனுப்பும். அறுந்த இடத்தில் அது அப்படியே திரும்பும். குறுக்குச்சுற்று ஏற்பட்ட இடத்தில் தலைகீழாகத் திரும்பும். எக்ஸ்.எல்.பி.இ. காப்புள்ள வடத்தில் துடிப்பு மைக்ரோநொடிக்கு ஏறத்தாழ 160 முதல் 170 மீட்டர் செல்லும். திரும்பி வர 10 மைக்ரோநொடி ஆனால், 160 × 10 ÷ 2 = 800 மீட்டர்.

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். வேகத்தை 165 என்று கொண்டால் விடை 825 மீட்டர். இந்த 25 மீட்டரில் சில வீட்டு வாசல்களே அடங்கிவிடும். மேலும், இது வடத்தின் வழியேயான நீளம். சாலையின் நீளம் அன்று. இணைப்புகளின் அருகே வடத்தைச் சற்று வளைத்து மிச்சம் விட்டுப் புதைப்பது வழக்கம். ஆகவே கருவி காட்டும் எண்ணை நம்பி உடனே கடப்பாரையைப் போடக்கூடாது.

சரியான இடத்தைக் காதுதான் காட்டுகிறது. மின்தேக்கியில் சேமித்த உயர் மின்னழுத்தத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை வடத்தில் பாய்ச்சினால், பழுதான இடத்தில் தீப்பொறி எழுந்து 'டப்' என்ற ஓசை வரும். தரையில் ஒலிவாங்கியை வைத்து நகர்ந்துகொண்டே கேட்பர். காந்தச் சமிக்ஞை உடனே வந்துவிடும், ஓசை பின்தங்கி வரும். இரண்டுக்கும் இடையிலான நேரம் எங்கே மிகக் குறைவோ, அங்கே தோண்டலாம். போக்குவரத்து இரைச்சல் அடங்கிய இரவில் இவ்வேலை எளிது. இந்த அடி அளவுக்கு மிஞ்சினால் பழைய வடத்தின் நல்ல பகுதியும் கெடும்.

மின்தடை மிகுந்த பழுதைத் தாழ்அழுத்தத் துடிப்பு கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். அப்போது தீப்பொறி நீடிக்கும் சில மில்லிநொடிக்குள் துடிப்பை அனுப்பிப் பார்ப்பர்.

சோதனை முடிந்தபின்னும் மின்தேக்கியிலும் வடத்திலும் மின்னூட்டம் தங்கியிருக்கும். புவியிணைப்புக் கோலால் அதை இறக்காமல் தொடுவது ஆபத்து. ஒரே குழியில் பல வடங்கள் கிடந்தால், பழுதானது எது என்பதைத் தனிக்கருவியால் உறுதிசெய்த பிறகே வெட்ட வேண்டும். பக்கத்து வடத்தில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கலாம்.