சைக்கிள் மிதிக்கும் காலுக்கு எடைப்பயிற்சி எதற்கு?

சனிக்கிழமை காலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் தொடங்கி சாங்கி வரை சைக்கிளில் போய்த் திரும்புகிறீர்கள். இரண்டு மணி நேரம் கால்களுக்கு ஓய்வே இல்லை. இதற்குமேல் அந்தக் கால்களுக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். இயற்பியல் பாடத்தில் படித்த ஒரே ஒரு சூத்திரத்தை வைத்து விடை தேடலாம்.

திறன் = விசை × வேகம்.

சமதளப் பாதையில் ஓரளவு விரைவாக ஓட்டுபவர் 150 வாட் திறனை வெளிப்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெடல் நிமிடத்துக்கு 90 முறை சுற்றுகிறது. பெடலைப் பிடித்திருக்கும் கிராங்க் தண்டின் நீளம் 17 செ.மீ. அப்படியானால் ஒரு சுற்றில் பெடல் கடக்கும் தூரம் 2π × 0.17, அதாவது 1.07 மீட்டர். விநாடிக்கு ஒன்றரைச் சுற்று என்பதால் பெடலின் வேகம் விநாடிக்கு 1.6 மீட்டர். 150-ஐ 1.6-ஆல் வகுத்துப் பாருங்கள். கிடைப்பது 94 நியூட்டன்தான். ஒன்பதரை கிலோ எடையைத் தாங்கத் தேவைப்படும் விசை அது. கால் கீழ்நோக்கி அழுத்தும் உச்சக் கணத்தில் இது ஏறத்தாழ இரு மடங்காகலாம். அப்போதும் 20 கிலோவைத் தாண்டவில்லை.

இப்போது உங்கள் வீவக அடுக்குமாடிப் படிக்கட்டை நினைத்துப் பாருங்கள். உங்கள் எடை 55 கிலோ என்றால், ஒவ்வொரு படியிலும் ஒரே கால் அந்த 55 கிலோவையும் மேலே தூக்குகிறது. மூச்சு வாங்க சைக்கிள் ஓட்டும்போது காலுக்கு விழும் சுமை, மாடிப்படி ஏறும்போது விழுவதைவிடக் குறைவு. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 5,400 முறை மிதிக்கிறது, உண்மைதான். ஆனால் அத்தனையும் இலேசான மிதிகள். அவற்றால் இதயமும் நுரையீரலும் நன்கு பழகுகின்றன. தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆனால் தசை வலுவடைய வேண்டிய கட்டாயம் மட்டும் எழுவதே இல்லை.

அந்தக் குறை மேட்டில்தான் தெரியவரும். ஃபேபர் மலைச் சாலையில் ஏறும்போது சுற்று நிமிடத்துக்கு 50 ஆகக் குறைந்து, நீங்கள் 200 வாட் கொடுத்தாக வேண்டிய நிலை வந்தால், அதே கணக்கின்படி சராசரி விசையே 225 நியூட்டனாகிவிடும். காலின் முழு வலிமை குறைவாக இருந்தால் அதில் பெரும் பங்கு ஒவ்வொரு மிதியிலும் செலவாகும். வலிமை கூடினால் அதே 225 நியூட்டன் சிறிய பங்காகிவிடும். இலகுவான சக்கரத்துக்கும் விலையுயர்ந்த சட்டத்துக்கும் பணம் சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

எடைப்பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் ஒரு விந்தை நடக்கிறது. தூக்கும் எடை கூடிக்கொண்டே போகும், தொடையின் சுற்றளவோ அப்படியே இருக்கும். காரணம், முதலில் பாடம் கற்பது தசையன்று, நரம்பு மண்டலம். ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசைநார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. சிறிய வேலைக்கு மூளை சிறிய அலகுகளை மட்டுமே எழுப்பும். விசை கூடக் கூடத்தான் பெரிய அலகுகள் வேலைக்கு வரும். இந்த ஒழுங்கை எல்வுட் ஹென்னிமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1957-இல் விளக்கினார். இலேசாக மிதித்துக்கொண்டே இருந்தால் பெரிய அலகுகள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். கனமான எடை அவற்றைத் தட்டி எழுப்புகிறது.

இது தடகள வேகப்போட்டிக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். கெய்ரின் போட்டியில் ரியோவில் வெண்கலமும் தோக்கியோவில் வெள்ளியும் வென்ற மலேசியர் அசிசுல்ஹஸ்னி அவாங் போன்றவர்களுக்குச் சில விநாடிகளில் பெரும் விசை தேவை. அவர்கள் எடை தூக்குவதில் வியப்பில்லை. நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்குமா? நார்வே ஆய்வாளர் பென்ட் ரோன்னஸ்டாடும் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. நன்கு பயிற்சி பெற்ற சைக்கிளோட்டிகளில் ஒரு குழுவினர் 12 வாரங்கள், வாரத்துக்கு இரண்டு முறை கனமான எடைகளுடன் கால்பயிற்சி செய்தார்கள். பிறகு எல்லாரும் 185 நிமிடங்கள் ஓட்டி, களைத்த நிலையில் கடைசி 5 நிமிடங்களுக்கு முழு மூச்சாக மிதிக்க வேண்டும். எடைப்பயிற்சி செய்தவர்களின் திறன் அந்த 5 நிமிடங்களில் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடியிருந்தது. சைக்கிள் மட்டும் ஓட்டிய குழுவில் அப்படி முன்னேற்றம் இல்லை.

ஆனால் உங்கள் வயதில் வேகத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அது எலும்பு.

எலும்பு உயிருள்ள திசு. எந்தத் திசையில் சுமை விழுகிறதோ அதற்கேற்ப அது தன்னை மாற்றிக் கட்டிக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-இல் எழுதினார். சைக்கிளில் உங்கள் எடையில் பெரும்பகுதியை இருக்கை சுமக்கிறது. ஓடும்போது பாதம் தரையில் மோதுகிறதே, அந்த அதிர்வும் இல்லை. மூட்டுக்கு இது நல்லதுதான். எலும்புக்கோ தூண்டுதல் கிடைப்பதில்லை. நெடுந்தூரச் சாலைப் போட்டிக்காரர்கள் பலருக்கு இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன.

அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இதன் உச்சத்தைக் காணலாம். எடையற்ற நிலையில், தடுப்பு நடவடிக்கை இல்லாவிட்டால், எடை தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு அடர்த்தியை இழக்கின்றன. அங்கே நிலையான சைக்கிள் ஒன்று உண்டு. அது போதாமல்தான் 2008-இல் வெற்றிட உருளைகளின் எதிர்ப்பால் இயங்கும் பளுப்பயிற்சிக் கருவி ஒன்றையும் மேலே அனுப்பினார்கள். இரும்புத் தட்டுகளுக்கு அங்கே எடை ஏது?

வாழ்நாள் எலும்புச் சேமிப்பின் பெரும்பகுதி பதின்ம வயது முடிவதற்குள் சேர்ந்துவிடுகிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளோர் வாரத்துக்குக் குறைந்தது 3 நாள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இதனால்தான்.

எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று பாட்டி சொல்லியிருப்பார். எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டு பாதிக்கப்படுமோ என்ற அச்சம் அது. முறையாகக் கற்று, மேற்பார்வையோடு செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதற்குச் சான்று இல்லை. காயங்கள் பெரும்பாலும் கவனக்குறைவால், தாங்க முடியாத எடையை நண்பர்கள் முன் தூக்கிக் காட்டும் ஆசையால் வருபவை.

எப்படித் தொடங்குவது? முதல் சில வாரங்களுக்கு எடையே வேண்டாம். குந்தி எழுவது, ஒரு காலை முன்வைத்து மடங்குவது, இடுப்பை மட்டும் பின்தள்ளிக் குனிந்து நிமிர்வது, குதிகாலை உயர்த்துவது ஆகியவற்றை உடற்கல்வி ஆசிரியர் முன் செய்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் உள்ளே சாய்கிறதா, முதுகு வளைகிறதா என்பதைப் பக்கத்தில் நிற்பவர்தான் பார்க்க முடியும். பிளாங்க் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். நீண்ட நேரம் குனிந்து ஓட்டும்போது முதுகைத் தாங்குபவை வயிற்றுத் தசைகளே. பிறகு எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கடைசி முறை தூக்கும்போதும் உடலமைப்பு குலையாமல் இருக்க வேண்டும். குலைந்தால் எடை அதிகம் என்று பொருள்.

கனமான கால்பயிற்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது 48 மணி நேரம் விடுங்கள். மறுநாள் தொடைகள் கல்லாய்க் கனக்கும். அன்று மேடேறும் திட்டம் வேண்டாம், பூங்கா இணைப்புப் பாதையில் மெதுவாக ஓட்டலாம். தேர்வு நெருங்கும் மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை செய்தாலும் சேர்த்த வலிமையைத் தக்கவைத்துக்கொள்ள முடியும்.