கம்பெனி அழித்தால் கல்யாணப் படமும் போகுமா?

வேலையை விட்டதும் ஊழியரின் சொந்த போனிலிருந்து கம்பெனி மின்னஞ்சல் மறைகிறது. கல்யாணப் படங்கள் அப்படியே இருக்கின்றன. எப்படி?

2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 இதற்காகவே 'வொர்க் புரொஃபைல்' என்ற தனிப் பகுதியைத் தந்தது. ஒரே போனை இரண்டு பேர் பயன்படுத்துவதாக இயங்குதளம் கருதிக்கொள்கிறது. கைப்பெட்டிச் சின்னம் போட்ட அலுவலக ஜிமெயிலும் சாதாரண சொந்த ஜிமெயிலும் அதற்கு வேறு வேறு ஆட்கள். ஒன்றின் கோப்பை மற்றது தொட ஆண்ட்ராய்டின் மையமான லினக்ஸ் கெர்னல் விடாது. மறையாக்கச் சாவிகளும் தனித்தனி.

கம்பெனி அழிக்கச் சொன்னால் அந்தப் பகுதியும் அதன் சாவியும் மட்டுமே போகும். சாவி இல்லாத தரவு வெறும் குப்பை. சொந்தப் படங்களை ஐ.டி. பிரிவு பார்க்கவும் முடியாது. பலர் வீணாகப் பயப்படுகிறார்கள்.

போன் முழுவதையும் கம்பெனி நிர்வாகத்தில் சேர்த்திருந்தால் கதை வேறு: மொத்தமும் அழியலாம். ஒப்புதல் தருமுன் எந்த முறை என்று கேட்டுவிடுங்கள்.